உறவைக் குறைத்துத் தடை விதித்தால் அது யாரைச் சென்றடைகிறது?

மல்லாவி ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சர்வதேச உறவுகள் பற்றிய பாடத்தின் நடுவே மாணவன் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். கனடா 2023 சனவரியில் முன்னாள் ஜனாதிபதிகளான மகிந்த ராஜபக்ச, கோட்டாபய ராஜபக்ச உட்பட நால்வர் மீதும், பிரித்தானியா 2025 மார்ச்சில் முன்னாள் படைத்தளபதிகள் மூவர் மீதும் விடுதலைப் புலிகளின் முன்னாள் கிழக்குத் தளபதி கருணா அம்மான் மீதும் தடை விதித்ததைக் குறிப்பிட்டு, இவ்வாறு ஆள் பார்த்துத் தடை விதிப்பதை விட்டுவிட்டு, உலக நாடுகள் ஒன்றுசேர்ந்து தூதரகங்களை மூடி முழு நாட்டின் மீதும் பொருளாதாரத் தடையைப் போட்டால் போர்க்கால மனித உரிமை மீறல்களுக்கு நீதி விரைவாகக் கிடைக்காதா என்பதே அவனுடைய கேள்வி. வகுப்பில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி மட்டும், தடை வந்தால் முதலில் இல்லாமற் போவது சவர்க்காரமும் மண்ணெண்ணெயும்தான் என்று தன் அம்மம்மா சொல்லுவார் என்றாள்.

இந்தப் பிள்ளைகள் போரின் கடைசிக் காலத்தை ஒட்டியோ அதன் பின்னரோ பிறந்தவர்கள். தொண்ணூறுகளில், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி மீது அரசாங்கம் விதித்திருந்த பொருளாதாரத் தடையை வீட்டில் கேட்ட கதையாகவே அறிவார்கள். படையைப் பயன்படுத்தாமல் பொருளாதார, இராஜதந்திர உறவுகளைத் துண்டிப்பது பற்றிய ஐ.நா. சாசனத்தின் 41 ஆம் உறுப்புரை பாடநூலில் இருக்கிறது; அதை வாசித்துக் காட்டுவதால் மட்டும் அந்த மாணவனுக்கும் அந்த மாணவிக்கும் பதில் சொன்னதாகாது என்று நினைக்கிறேன். ஆகவே இங்குள்ள அனுபவசாலிகளிடம் கேட்கிறேன். ஒரு நாடு இன்னொரு நாட்டுடனான இராஜதந்திர உறவைக் குறைக்கும்போது நடைமுறையில் என்னென்ன செய்கிறது, எங்கே நிறுத்துகிறது? வர்த்தகத் தடை உரியவரைத் தாக்குகிறதா, அல்லது சங்கக்கடை வரிசையில் நிற்பவரைத்தான் தாக்குகிறதா? தனியாட்கள் மீதான தடையால் ஏதேனும் பயன் உண்டா? கோபதாபங்களை ஒருபுறம் வைத்து, தெரிந்ததை எழுதினால் வகுப்பில் பயன்படுத்துவேன்.

வவுனியா ஓய்வுநிலை அலுவலர் எழுதியது:

ஆசிரியருக்கு வணக்கம். முதற் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றுக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இராஜதந்திர உறவு என்பது இரு நாடுகளின் சம்மதத்தால் ஏற்படுவது என்று 1961 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை கூறுகிறது. ஆகவே அதைக் குறைப்பதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை. முதற்படியில் எதிர்நாட்டுத் தூதுவரை வெளிவிவகார அமைச்சுக்கு அழைத்துக் கண்டிப்பார்கள். அடுத்ததாகத் தமது தூதுவரை ஆலோசனைக்கென்று நாட்டுக்குத் திருப்பி அழைப்பார்கள். அதற்கும் மேலே போனால், எதிர்நாட்டு அலுவலர் ஒருவரையோ பலரையோ ஏற்கத்தகாதவராக அறிவித்து வெளியேற்றுவார்கள். இதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமைகூட இல்லை என்பது அந்த உடன்படிக்கையின் 9 ஆம் உறுப்புரை. 11 ஆம் உறுப்புரையின்படி தூதரகத்தின் ஆளணியையும் குறைக்கச் சொல்லலாம். அண்மைய உதாரணம் வேண்டுமென்றால், 2025 ஏப்ரலில் பகல்காம் தாக்குதலுக்கு அடுத்த நாள் இந்தியா பாகிஸ்தானிய உயர்ஸ்தானிகராலயத்தின் (பொதுநலவாய நாடுகளுக்கிடையே தூதரகத்துக்கு உள்ள பெயர்) முப்படை ஆலோசகர்களை வெளியேற்றியதுடன், இரு பக்க உயர்ஸ்தானிகராலயங்களின் ஆளணியையும் 55 இலிருந்து 30 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது. சிந்து நதிநீர் உடன்பாடு இடைநிறுத்தப்பட்டது. பாகிஸ்தானும் அதே அளவில் ஆளணியைக் குறைத்து, வர்த்தகத்தை நிறுத்தி, இந்திய விமானங்களுக்குத் தன் வான்பரப்பை மூடியது. 2019 முதலே இரு தலைநகரங்களிலும் உயர்ஸ்தானிகர் தரத்தில் எவரும் இருக்கவில்லை. இவ்வளவு நடந்தும் இரு கட்டடங்களும் மூடப்படவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அடுத்த நாள் போர் வருமோ என்றிருந்த நிலையிலும் பேச ஒரு வாசல் வேண்டும் என்பதை இரு பக்கமும் அறிந்திருந்தன.

உறவை முற்றாக முறித்தாலும் அந்த வாசல் வேறு ஒருவருடைய வீட்டில் திறந்திருக்கும். அமெரிக்கா 1980 இல் ஈரானுடன் உறவை முறித்தது. அன்றிலிருந்து தெகிரானில் அமெரிக்காவின் நலன்களைப் பார்த்துவருவது சுவிட்சர்லாந்துத் தூதரகம். கனடா 2012 இல் தெகிரான் தூதரகத்தை மூடியபோது இத்தாலி அந்தப் பொறுப்பை ஏற்றது. முறித்த பின்னரும் கட்டடத்தையும் ஆவணங்களையும் பாதுகாக்க வேண்டும், மூன்றாம் நாடொன்றிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்று 45 ஆம் உறுப்புரை சொல்வது இதற்காகத்தான்.

நம்முடைய இலங்கையும் இதையெல்லாம் செய்திருக்கிறது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் 1970 இல் இஸ்ரேலுடனான உறவை நிறுத்தியது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது வடகொரியத் தூதரக அலுவலர்களை வெளியேற்றியது. இஸ்ரேல் விடயத்தில் நடந்தது சுவையானது: முழு உறவு இல்லாமலேயே 1984 இல் கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலின் நலன்காப்புப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது, ஜனாதிபதி பிரேமதாச அதனை 1990 இல் மூடினார், முழு உறவு 2000 ஆம் ஆண்டில்தான் மீண்டது. பிரித்தானிய உயர்ஸ்தானிகர் டேவிட் கிளாட்ஸ்டன் 1991 இல் வெளியேற்றப்பட்டார். ஆனாலும் அதற்காக இலண்டனுடன் தேயிலை வியாபாரம் நிற்கவில்லை.

தூதரகமும் வர்த்தகமும் இரண்டு தனித்தனிக் குழாய்கள் என்பதற்கு 1952 ஆம் ஆண்டின் இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தைவிட நல்ல சான்று கிடையாது. கொரியப் போர்க் காலத்தில் சீனாவுக்கு மூலோபாயப் பொருட்களை விற்கக்கூடாதென்று அமெரிக்கா வலியுறுத்தியது. இலங்கைக்கோ அரிசி இல்லை, இறப்பர் விலை விழுந்துகொண்டிருந்தது. வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க பீக்கிங் சென்று, ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி என்று ஐந்தாண்டு உடன்பாட்டை முடித்தார். அப்போது இரு நாடுகளுக்குமிடையே தூதரக உறவே கிடையாது. அது 1957 இல்தான் ஏற்பட்டது. உடன்பாட்டுக்கான தண்டனையாக அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. பின்னர் எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை அரசு சுவீகரித்து இழப்பீட்டை இழுத்தடித்தபோது, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை மீண்டும் நிறுத்தியது. 1965 இல் ஆட்சி மாறி, டட்லி சேனநாயக்க அரசாங்கம் இழப்பீட்டைத் தீர்த்த பின்னரே அது திரும்பியது. ஒரு தடை தன் நோக்கத்தை எட்டியதற்கு நம்முடைய சொந்த வரலாற்றிலேயே உள்ள உதாரணம் இது. கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று, அதுவும் பணத்தால் தீர்க்கக்கூடியது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

புதுக்குடியிருப்புப் பழைய கடைக்காரர் எழுதியது:

ஆசிரியர் தம்பிக்கு வணக்கம். நான் சட்டம் படித்தவனல்லன். தொண்ணூறுகளில் புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு எழுதுகிறேன்.

எங்கள் மீதிருந்தது வெளிநாடொன்று விதித்த தடையல்ல என்பது எனக்குத் தெரியும். ஒரு அரசாங்கம் தன் ஆட்புலத்தின் ஒரு பகுதிக்கே பொருட்களைக் கட்டுப்படுத்தியது. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் வேறாக இருக்கலாம், கடை மேசைக்கு முன் நிற்பவருக்கு வேறில்லை. எரிபொருள், சீமெந்து, இரும்புக் கம்பி, பற்றரி, இரசாயனப் பசளை என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் இருந்தது. அந்தப் பொருளைக் கொண்டு வெடிமருந்தோ பதுங்குகுழியோ செய்துவிடலாம் என்பது காரணம். காரணம் முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் யூரியா தடைப்பட்டால் நெற்காணிக்காரன் விதைப்பைக் குறைப்பான், சீமெந்து தடைப்பட்டால் கிணற்றுக்கட்டு இடிந்தபடியே கிடக்கும், பற்றரி தடைப்பட்டால் வானொலியில் செய்தி கேட்க முடியாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்ட வீடுகள் பல. விளக்குக்கு வழி வேறு: ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அடைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெயை விட்டு, ஒரு கம்பியில் நூல்திரியை நிறுத்திக் கொளுத்துவோம். அந்த வெளிச்சத்தில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துச் சித்தியடைந்த பிள்ளைகள் இன்று அலுவலகங்களில் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைக் காபரேற்றருக்குள் சிறிது விட்டு இயந்திரத்தை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். தெரு முழுவதும் புகை. சவர்க்காரம் இல்லாத வேளையில் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தார்கள். அந்த மாணவியின் அம்மம்மா சொன்னது சரிதான்.

இதையெல்லாம் மக்களின் கெட்டித்தனம் என்று இன்று பெருமையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். கடைக்காரனாக நான் கண்டது வேறு. பொருள் குறையக் குறைய, அது வந்து சேரும் வாயிலில் நிற்பவருடைய மதிப்பு ஏறிக்கொண்டே போனது. வவுனியாவிலிருந்து ஒரு லொறி வர வேண்டுமானால் அந்தப் பக்கத்தில் அனுமதி வழங்குபவர் தேவை, சோதனைச் சாவடியில் மூட்டை அவிழ்ப்பவருடைய நல்ல மனது தேவை, இந்தப் பக்கத்தில் வரி அறவிடுபவருக்கும் கொடுக்க வேண்டும், இடையில் கடத்தி வருபவர் ஒருவர் தனியாகக் கொழிப்பார். அந்தச் செலவெல்லாம் சீனியின் விலையிலும் மண்ணெண்ணெயின் விலையிலும் ஏறி, கடைசியில் கூலிக்காரப் பெண்ணொருத்தி தன் சேலைத்தலைப்பிலிருந்து அவிழ்க்கும் காசாக என் மேசைக்கு வரும். தடையால் நிறுத்தப்பட வேண்டிய போர் நிற்கவில்லை. அதிகாரத்தில் இருந்த எவரும் அந்த ஆண்டுகளில் இருட்டில் சாப்பிட்டதாக நான் அறியேன். 2002 சனவரியில் தடை நீக்கப்பட்டு, ஏப்ரலில் வன்னி ஊடாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி திறந்தபோது, விலை சில வாரங்களுக்குள் இறங்கிய வேகத்தைப் பார்த்தே, அதுவரை எத்தனை கைகள் அதில் பிழைத்தன என்பது எனக்கு விளங்கியது.

ஈராக்கில் நடந்ததைப் பின்னர் பத்திரிகையில் வாசித்தபோது எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 6 ஆம் திகதி, குவைத் ஆக்கிரமிப்புக்கு நான்கு நாட்களின் பின், ஐ.நா. பாதுகாப்புச் சபை 661 ஆம் தீர்மானத்தால் ஈராக்குடனான ஏறத்தாழ எல்லா வர்த்தகத்தையும் நிறுத்தியது. குளோரின் இரசாயன ஆயுதத்துக்குப் பயன்படும் என்று கட்டுப்படுத்தப்பட, குடிநீர் சுத்திகரிப்பு பாதிக்கப்பட்டது. மக்கள் உயிர் வாழ்ந்தது அரசாங்கம் கொடுத்த பங்கீட்டு அட்டையில். அதாவது சதாம் உசேனைப் பலவீனப்படுத்தப் போட்ட தடை, ஒவ்வொரு வீட்டின் மாவுக்கும் சீனிக்கும் அவருடைய கையையே பார்த்திருக்க வைத்தது. எண்ணெய் விற்ற பணத்தில் உணவு வாங்க விடும் உணவுக்கு எண்ணெய் என்ற திட்டம் 1995 இல் தீர்மானிக்கப்பட்டு, பொருட்கள் 1997 இல்தான் போய்ச் சேரத் தொடங்கின. அந்த மனிதாபிமானப் பணிக்குப் பொறுப்பாக இருந்த ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே 1998 இல் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வொன் ஸ்பொனெக் 2000 இல் விலகினார். உள்ளே நின்று விநியோகத்தைப் பார்த்தவர்கள் இருவர் அடுத்தடுத்து அப்படி எழுந்து போனதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியதில்லை. சதாம் 2003 இல் வீழ்ந்தது படையெடுப்பால்.

கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலை மேற்பார்வையாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐயாமார் இருவரும் பெரிய விடயங்களை எழுதியிருக்கிறார்கள். தடை என்ற பெயரே இல்லாமல் வரும் தடை ஒன்றைப் பற்றி நான் கொஞ்சம் எழுதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்டில் மனித உரிமை உடன்படிக்கைகளைப் பின்பற்றும் நாடுகளின் ஏற்றுமதிக்குக் கொடுக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை இலங்கைக்கு நிறுத்தியது. குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரான பாதுகாப்பு, சிறுவர் உரிமைகள் ஆகியவை பற்றிய உடன்படிக்கைகளை இலங்கை உரியவாறு நடைமுறைப்படுத்தவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். 2017 மே மாதத்தில்தான் சலுகை மீண்டது. எவரும் கப்பலை மறிக்கவில்லை, எவருடைய கணக்கையும் முடக்கவில்லை. இலங்கைத் துணிக்கு ஐரோப்பாவில் வரி கட்ட வேண்டியதாயிற்று, அவ்வளவே. ஆனால் அந்த வரியை ஈடுசெய்ய வேண்டியவர் யார்? வாங்குபவர் விலையைக் கூட்ட மாட்டார். வங்காளதேசத்தில் வரியில்லாமல் கிடைக்கிறது என்பார். தொழிற்சாலை தன் இலாபத்தைக் கடைசியில்தான் தொடும். மிஞ்சுவது மேலதிக நேரக் கொடுப்பனவும், ஒரு மணித்தியாலத்துக்குத் தைத்து முடிக்க வேண்டிய உருப்படிகளின் எண்ணிக்கையும்தான்.

இங்கே எங்கள் தையல் வரிசைகளில் இருப்பவர்களில் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் பலர். 2021 யூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டிச் சலுகையை மீளாய்வு செய்யும்படி தீர்மானம் நிறைவேற்றியபோது, உணவு இடைவேளையில் எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. அந்தச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட வீட்டைச் சேர்ந்தவரும் எங்களுக்குள் இருந்தார். சட்டம் போக வேண்டும், வேலையும் இருக்க வேண்டும் என்றார் அவர். அவரிடம் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும் உரிமை எவருக்கும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: சலுகை போகும் என்ற பயம் சலுகை போனதைவிடக் கூடுதலாக வேலை செய்தது. நாங்கள் பார்க்க, கொழும்பு அசைந்தது அந்தப் பயத்துக்குத்தான். போன பின்னர் ஏழு வருடம் எல்லோரும் அதற்குப் பழகிக்கொண்டார்கள்.

மாங்குளம் சட்ட மாணவி எழுதியது:

கடைக்கார ஐயாவின் அனுபவத்துக்கு முன்னால் என் படிப்பு சிறியது. எனினும் அவர் எழுதியதைப் படித்துவிட்டு, ஆகவே எந்தத் தடையும் வேண்டாம் என்று ஒருவர் முடிவு கட்டினால் அதை நான் மறுப்பேன்.

ஈராக் அனுபவத்தின் பின்னர்தான் தடைகளின் வடிவம் மாறத் தொடங்கியது. முழு நாட்டையும் மறிக்காமல், பொறுப்பானவர் என்று கருதப்படுபவரின் சொத்தையும் பயணத்தையும் மறிப்பது இப்போதைய வழி. அமெரிக்கா 2020 பெப்ரவரியில் அன்றைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவும் அவரது நெருங்கிய குடும்பத்தினரும் நாட்டுக்குள் நுழைவதைத் தடுத்தது. அது பயணத் தடை மட்டுமே. கனடாவின் 2023 நடவடிக்கை அதைவிடக் கூடியது: பெயர் குறிக்கப்பட்ட நால்வருடைய சொத்து கனடாவில் இருந்தால் முடக்கப்படும், கனடாவில் உள்ளவர்களும் வெளிநாட்டில் வாழும் கனடியர்களும் அவர்களுடன் எந்தக் கொடுக்கல் வாங்கலும் செய்யக்கூடாது. அந்த நால்வரில் ஒருவர் சுனில் ரத்நாயக்க. மிருசுவிலில் 2000 டிசம்பரில் பொதுமக்கள் எட்டுப் பேர் கொல்லப்பட்ட வழக்கில் 2015 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் விடுவிக்கப்பட்டவர். உள்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் ஒரு கையெழுத்தால் அது இல்லாமற் போகிறபோது, வெளியிலுள்ள ஒரு அரசாவது அந்தப் பெயரை எழுத்தில் வைத்திருப்பதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை. இதனால் கிளிநொச்சியில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் விலைகூட ஏறவில்லை.

இதன் குறைகளையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். இது நீதிமன்றத் தீர்ப்பல்ல, ஒரு அமைச்சரவையின் முடிவு. சாட்சியம் குறுக்கு விசாரணைக்கு உட்படவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு ஒரு சதமும் இழப்பீடு வராது. கனடாவில் சொத்தே இல்லாதவருக்குச் சொத்து முடக்கம் பெயரளவில்தான். உள்ளூர் அரசியலில் தடைவிதிக்கப்பட்டவர் வெளிநாடுகளை எதிர்த்து நின்ற வீரராகக் காட்டப்படுவதையும் பார்த்தோம். வங்கிகளின் பயம் வேறொரு சிக்கல்: சட்டம் தடுக்காத கொடுப்பனவைக்கூட எதற்கு வம்பு என்று வங்கி நிறுத்திவிடும். அமெரிக்கத் தடைகளில் மருந்துக்கு விதிவிலக்கு இருந்தும் ஈரானிய நோயாளர்களுக்கு மருந்து கிடைப்பது கடினமானது இப்படித்தான். இதை உணர்ந்துதான் 2022 டிசம்பரில் பாதுகாப்புச் சபை 2664 ஆம் தீர்மானத்தால், ஐ.நா.வின் சொத்து முடக்கங்கள் எல்லாவற்றிலிருந்தும் மனிதாபிமான உதவிக்கு நிலையான விலக்கு அளித்தது. ஆனால் அந்த விலக்கு ஐ.நா. தடைகளுக்குத்தான், தனித்தனி நாடுகள் தாமாக விதிப்பவற்றை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

முழுத் தடையை ஆதரிப்பவர்கள் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவை உதாரணமாக எடுப்பார்கள். அது நியாயமான உதாரணமே, ஆனால் அவசர உதாரணமல்ல. இந்தியா 1946 இல் வர்த்தகத்தை நிறுத்தியது. பாதுகாப்புச் சபையின் கட்டாய ஆயுதத் தடை 1977 இல் வந்தது. 1985 இல் வெளிநாட்டு வங்கிகள் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தன. அமெரிக்கக் காங்கிரஸ் 1986 இல் ஜனாதிபதி றேகனின் மறுப்பையும் மீறிச் சட்டம் இயற்றியது. இவற்றோடு உள்நாட்டில் தொழிற்சங்கங்களும் கறுப்பின மக்களின் நகர்ப்புறக் குடியிருப்புகளும் ஆட்சியை நடத்தவிடாமல் செய்தன. தடையை வேண்டும் என்று கேட்டவர்கள், அதன் வலியைத் தாங்கப்போகும் மக்களின் பிரதிநிதிகளே. ஆசிரியரின் மாணவன் முழு நாட்டுக்கும் தடை கேட்கும்போது, அந்த வலியைத் தாங்க மலையகத் தோட்டத் தொழிலாளியும், அம்பாந்தோட்டை விவசாயியும், அவனுடைய சொந்த அயலவரும் சம்மதித்தார்களா என்ற கேள்வியை அவனிடமே விடலாம்.

புதுக்குடியிருப்புப் பழைய கடைக்காரர் எழுதியது:

தங்கச்சி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆள் பார்த்துப் போடும் தடையை நான் எதிர்த்து எழுதவில்லை. அது என் வாடிக்கையாளரின் பையில் கை வைக்காது. ஒரேயொரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. பெயர்ப்பட்டியல் வெளியாகும் நாளில் இங்கே பட்டாசு கொளுத்தாத குறையாக மகிழ்ந்து, அதோடு சர்வதேச நீதி கிடைத்துவிட்டதென்று பேசுகிறார்கள். முல்லைத்தீவில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 இலிருந்து வீதியோரத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வி பிள்ளை எங்கே என்பது. வெளிநாட்டு விமான நிலையத்தில் ஒருவர் மறிக்கப்படுவதால் அதற்குப் பதில் வராது.

மல்லாவி ஆசிரியர் எழுதியது:

நினைத்ததற்கும் மேலாகக் கிடைத்திருக்கிறது, நன்றி. வவுனியா ஐயாவிடம் இன்னுமொன்று. இழப்பீடு கொடுத்ததும் 1965 இல் உதவி திரும்பியது என்று எழுதினீர்கள். தடையை விதிப்பதைவிட எடுப்பதுதான் கடினம் என்று எங்கோ வாசித்த நினைவு. அது உண்மையா? எடுப்பதற்கான நிபந்தனை தெளிவாக இருந்த இடங்களில் முடிவு வேறாக இருந்ததா?

வவுனியா ஓய்வுநிலை அலுவலர் எழுதியது:

பெரும்பாலும் உண்மை. லிபியாவைப் பாருங்கள். லொக்கர்பி விமானக் குண்டுவெடிப்புச் சந்தேகநபர்களை ஒப்படைக்கவில்லை என்று 1992 இல் பாதுகாப்புச் சபை 748 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, விமானப் போக்குவரத்தை நிறுத்தியதோடு, எல்லா நாடுகளும் லிபியத் தூதரகங்களின் ஆளணியைக் கணிசமாகக் குறைக்க வேண்டும் என்றும் பணித்தது. நீங்கள் கேட்ட இரண்டும், உறவைக் குறைப்பதும் தடை விதிப்பதும், ஒரே தீர்மானத்தில் உள்ளன, பாடத்துக்குப் பொருத்தமானது. இரு சந்தேகநபர்களும் 1999 இல் ஒப்படைக்கப்பட்டதும் தடைகள் இடைநிறுத்தப்பட்டன, 2003 இல் நீக்கப்பட்டன. முக்கியமாகக் கேட்டது இரண்டு ஆட்களை என்பதால் லிபியத் தலைவர் கடாபிக்குக் கணக்குப் பார்க்க முடிந்தது. நம்முடைய மீன் விடயமும் அப்படித்தான்: சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 சனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனைத் தடுத்தது; ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டதும் 2016 யூனில் தடை விலகியது.

ஈராக்கில் நிபந்தனை நகர்ந்துகொண்டே இருந்தது. குவைத்திலிருந்து வெளியேறுவது முதலாவது, ஆயுதங்களை அழிப்பது அடுத்தது, கடைசியில் சதாம் இருக்கும்வரை நீக்க மாட்டோம் என்ற பேச்சு. அப்படியானால் ஒத்துழைத்து அவருக்கு என்ன கிடைக்கப்போகிறது? ஈரானில் 2015 அணுசக்தி உடன்பாட்டுக்குப் பின் ஐ.நா. தடைகள் நீங்கின, 2018 இல் அமெரிக்கா விலகித் தன் தடைகளை மீண்டும் போட்டது, 2025 செப்டெம்பர் இறுதியில் பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி ஆகியவற்றின் அறிவித்தலால் ஐ.நா. தடைகளும் திரும்பின, ரஷ்யாவும் சீனாவும் அதை ஏற்கவில்லை. ஒருமுறை எடுத்த தடை திரும்பி வரும் என்று தெரிந்தால் எந்த வியாபாரியும் முதலீடு செய்ய மாட்டான்.

மூன்றாம் நாடுகளின் கதையும் இதில் அடங்கும். ஈராக் மீதான தடையால் தமக்கு ஏற்பட்ட நட்டத்துக்காகச் ஐ.நா. சாசனத்தின் 50 ஆம் உறுப்புரையின்கீழ் பாதுகாப்புச் சபையிடம் முறையிட்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஈராக் நமது தேயிலையின் பெரிய கொள்வனவாளராக இருந்தது. சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமோ ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டது. அமெரிக்கத் தடைகளால் ஈரானுக்குச் செலுத்த முடியாமற் கிடந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தீர்க்க, மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்புவதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு செய்யப்பட்டது. தேயிலை உணவுப் பொருள், தடைப்பட்ட வங்கிகள் எதுவும் இதில் சம்பந்தப்படவில்லை என்பது அரசாங்கத்தின் வாதம். மாணவர்களிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, வொஷிங்டனில் இடப்பட்ட ஒரு கையெழுத்து நுவரெலியாவில் கொழுந்து பறிப்பவரிடம் எந்த வழியால் வந்து சேர்ந்தது என்று அம்புக்குறி இடச் சொல்லுங்கள். விவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொண்டால், அந்த மாணவனும் அந்த மாணவியும் ஒரே பக்கத்தில் அமர்ந்து பேசக்கூடும்.